எழுத்துக்கேற்ற வில்லை



டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் எண்ணிம ஒளிப்படக் கருவிக்கு உரிய வில்லையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இன்றைய பொழிவின் பொருளாகும். இலக்கணமும் இலக்கியமும் பேசப்படும் மேடையில் கருவியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அவையோர் வினவலாம். அவ்வினா முறையானதே. இப்பொழிவு ஒளிப்படக் கலைஞர்களுக்காக அமைந்ததன்று. எழுத்தைக் காக்க விரும்புவோர் தம் கையில் எந்த வில்லையை வைத்திருக்க வேண்டும் என்பதே நம் ஆராய்ச்சி.

ஜொகூர் மாநிலத்தில் தமிழ் எழுதப்பட்ட இடங்கள் பல. 1909இல் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில்பாதை முழுமை பெற்றபின், சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என அப்பாதையை ஒட்டிய நிலங்களில் பால்மரத் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களோடு கோவில்களும் பள்ளிகளும் மயானங்களும் தோன்றின. கோவில் முகப்பில் பெயர்ப்பலகை, பள்ளிச் சுவரில் அடிக்கல், கல்லறையில் பெயரும் ஊரும், நிருவாகக் குழுவின் பெட்டியில் வரவு செலவுப் பேரேடு என்று தமிழ் எங்கும் எழுதப்பட்டது. பால்மரம் செம்பனையாயிற்று; செம்பனை பல இடங்களில் வீடமைப்புப் பகுதியாயிற்று. கோவில் இடம் மாறும்போது பழைய பலகை கழற்றப்படுகிறது. மயானம் பெயர்க்கப்படும்போது கல் எங்கே போகிறதென்று கேட்பவர் இல்லை. இவ்வெழுத்துகளுள் பலவற்றுக்கு எஞ்சப்போவது ஓர் ஒளிப்படம் மட்டுமே. அப்படத்தில் எழுத்து தெளிவாக இல்லையெனில், மீண்டும் சென்று எடுப்பதற்கு அங்கே கல் இராது.

பெயர்த்தெழுதினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வந்தது. அதற்கு முன்னர் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போல் வளைந்த கொம்புடனும், ணா, றா, னா ஆகியவை கால் பிரியாமல் ஒரே எழுத்தாகவும் வரையப்பட்டன. பின்னர் இந்நாட்டுத் தமிழ் எழுத்திலும் புதிய வடிவமே நிலைபெற்றது. ஒரு பெயர்ப்பலகையில் பழைய 'லை' இருப்பது, அது எந்தத் தலைமுறைக் கையால் எழுதப்பட்டது என்பதற்குச் சான்று. அதை நாம் கணினியில் தட்டச்சு செய்த நொடியில் பழைய 'லை' புதிய 'லை' ஆகிவிடுகிறது. யுனிகோடில் இரண்டிற்கும் ஒரே குறியீடுதான். சொல்லைப் பெயர்த்தெழுதலாம், வடிவத்தைப் படம் மட்டுமே சுமக்கும்.

சொல் பற்றிய சிறு விளக்கம்

மொழியியலாளர் பேசும் மேடையில் சொற்பொருளைத் தொடாமல் செல்லவியலாது. 'லென்ஸ்' என்பது இலத்தீன் மொழியில் பருப்பு வகை ஒன்றின் பெயர். இருபுறமும் புடைத்த அப்பருப்பின் வடிவத்தைக் கொண்டு கண்ணாடித் துண்டுக்குப் பெயரிட்டனர். தமிழில் 'வில்லை' என்பது வட்டமாகத் தட்டையாக அமைந்த பொருளைக் குறிக்கும். சந்தன வில்லை, மருந்து வில்லை என்கிறோம். இரு மொழிகளும் வடிவத்தைப் பார்த்தே பெயரிட்டுள்ளன. ஒளிப்படக் கருவியில் நாம் பொருத்தும் குழலுக்குள் ஒன்றல்ல, பல வில்லைகள் உள்ளன. எனினும் வழக்கு கருதி அக்குழல் முழுவதையும் வில்லை என்றே இங்குக் குறிப்போம்.

வில்லையின் முதல் இயல்பு அதன் குவியத் தொலைவு. இலங்கைத் தமிழர் இதைக் குவியத்தூரம் என்பர். மில்லிமீட்டரில் சொல்லப்படும் இவ்வெண் சிறிதாயின் காட்சி அகலும். பெரிதாயின் காட்சி குறுகித் தொலைவில் உள்ளது அருகில் தோன்றும். இரண்டாவது இயல்பு துளை எண். எஃப் 1.8, எஃப் 8 என்று குறிக்கப்படும் இவ்வெண் பெரிதாகப் பெரிதாக ஒளி புகும் துளை சிறிதாகும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மூன்றாவது, வில்லை எவ்வளவு நெருங்கிக் குவியும் என்பது. எழுத்தைப் படமெடுப்போர்க்கு இம்மூன்றும் போதும்.

முன்னோர் செய்ததும் செய்யத் தவறியதும்

ஜொகூர் நீரிணைக்கு அப்பால் நிகழ்ந்த ஓர் இழப்பை முதலில் கூறுவோம். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1819இல் ஒரு பெரும்பாறை கண்டறியப்பட்டது. அதில் ஏறத்தாழ 50 வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1837இல் வில்லியம் பிளாண்ட் என்பார் எழுத்துகளைப் படியெடுக்க முயன்றார். அப்படி, கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் நடத்திய இதழில் வெளிவந்தது. 1843இல் கட்டுமானப் பணிக்கு இடம் செய்வதற்காகப் பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டு ஒன்று இன்று சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் சோழ மன்னர் பட்டப்பெயர் ஒன்றின் பகுதி தென்படலாம் என்று அண்மையில் ஓர் ஆய்வாளர் முன்மொழிந்துள்ளார். முடிவான வாசிப்பு இன்றளவும் இல்லை. வாசிப்பதற்குரிய வரிகளே இல்லை.

ஒளிப்படக் கலை 1839இல் பாரிசில் அறிவிக்கப்பட்டது. பாறை தகர்க்கப்பட்ட அதே 1843ஆம் ஆண்டு டிசம்பரில், சிங்கப்பூரில் விடுதி நடத்திய ஒருவர் ஒளிப்படம் எடுத்துத் தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். கருவி வந்து சேர்வதற்குச் சற்று முன்னரே கல் போயிற்று.

பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தஞ்சையில் நிகழ்ந்தது வேறு. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றிய லினயஸ் திரைப், 1858இல் பெரிய கோவிலுக்குச் சென்றார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியோடும் கல்வெட்டு வரிகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கோபுரத்தின் அழகைக் காட்டும் படங்களை எடுத்த அதே மனிதர், எழுத்துக்கென்று தனிமுறை வகுத்தார் என்பது கருதத்தக்கது. முழுக் கோவிலையும் ஒரே படத்தில் அடக்கும் காட்சியில் எழுத்து இருக்கும். ஆனால் படிக்க இயலாது. எழுத்தைப் படிக்க வேண்டுமெனில் கருவி சுவருக்கு நேராக நின்று, சுவரிலிருந்து ஒரே தொலைவைக் காத்து, அடியடியாக நகர வேண்டும். இம்முறை இன்றும் மாறவில்லை.

கல்வெட்டுத் துறையினர் பெரிதும் நம்பியது மைப்படியை. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றித் தட்டி, மை பூசி எடுக்கும் அப்படி, எழுத்தின் அளவை ஒன்றுக்கு ஒன்றாகத் தரும். சாய்வும் கோணலும் அதில் இல்லை. இன்றும் கல்லுக்கு அதுவே உரைகல். ஆயினும் வண்ணம் தீட்டிய பலகைக்கும் பழந்தாள் பேரேட்டுக்கும் மைப்படி உதவாது. அங்கே வில்லைதான் வேண்டும்.

இன்னொரு செய்தி நமக்கு நேரடியாகப் பயன்படும். 1956இல் நிக்கான் நிறுவனம் மைக்ரோ நிக்கார் என்னும் பெயரில் 50 மில்லிமீட்டர் வில்லை ஒன்றை வெளியிட்டது. அதன் பிறப்புக்குக் காரணம் எழுத்து. நூல்களை நுண்படச் சுருளில் பதியும் முறை ஐரோப்பிய எழுத்துகளுக்குப் போதுமானதாக இருந்தது; ஆனால் கோடுகள் நெருங்கிய காஞ்சி எழுத்துகளை அதே முறையில் பதிந்தபோது கோடுகள் ஒன்றோடொன்று கலந்தன. ஆகவே அவ்வெழுத்தின் நுணுக்கத்தைத் தாங்கும் வில்லையை ஜப்பானியர் வடிவமைத்தனர். ஒரு மொழிச் சமூகம் தன் எழுத்து எவ்வளவு நுண்மையை வேண்டுகிறது என்று முதலில் கேட்டது. அதன்பின் வில்லையைச் செய்தது. நாம் வில்லை செய்ய வேண்டியதில்லை. கடையில் உள்ளவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு முன் அதே வினாவைக் கேட்டால் போதும்.

தமிழ் எழுத்து வேண்டும் நுண்மை

தமிழில் ஒரு புள்ளி உயிர்மெய்யை மெய்யாக்குகிறது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு சுழி. 'ஜொ'வும் 'ஜோ'வும் அச்சுழியால்தான் பிரிகின்றன. இம்மாநிலத்தின் பெயரே பழைய எழுத்துகளில் இருவிதமாகவும் காணப்படுகிறது என்பதால், இது வெறும் கற்பனை எடுத்துக்காட்டன்று. பழைய கல்லறைகளில் தமிழ் எண்கள் வந்தால் சிக்கல் மிகும்: ஒன்று ககரம் போலவும், இரண்டு உகரம் போலவும், ஏழு எகரம் போலவும், எட்டு அகரம் போலவும் தோன்றும். எண்ணா எழுத்தா என்பதை அடுத்திருப்பதைக் கொண்டே அறிய முடியும்.

ஆண்டைக் காட்டும் ஒரு கல்லைக் கருதுவோம். 1931ஆ 1937ஆ என்று கடைசி இலக்கம் மங்கியுள்ளது. அருகில் தமிழாண்டின் பெயர் இருக்குமானால் ஐயம் தீரும்: 1931 சித்திரையில் பிறந்தது பிரசோற்பத்தி, 1937 சித்திரையில் பிறந்தது ஈசுவர. ஆனால் படமெடுத்தவர் இலக்கத்தை மட்டும் நெருங்கி எடுத்திருந்தால் ஆண்டின் பெயர் படத்தில் இராது. முழுக் கல்லையும் தொலைவிலிருந்து மட்டும் எடுத்திருந்தால் இரண்டும் தெளிவாக இரா. ஆதலின் ஒவ்வொரு கல்லுக்கும் குறைந்தது இரண்டு படங்கள் தேவை: ஒன்று முழுமை, மற்றொன்று நுண்மை. வில்லைத் தேர்வு இவ்விரண்டையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

நிற்கும் இடத்தைத் தேர்தல்

வில்லை பற்றிய பொதுக்கருத்துகளுள் திருத்த வேண்டியது ஒன்றுண்டு. அகலக் காட்சி வில்லை வடிவத்தைக் கோணலாக்கும், தொலைக்காட்சி வில்லை தட்டையாக்கும் என்பர். உண்மையில் பொருள்களின் தோற்ற விகிதத்தை முடிவு செய்வது நாம் நிற்கும் தொலைவே. அகல வில்லை நம்மை நெருங்கி நிற்கச் செய்கிறது. நெருங்கி நிற்பதால் அருகிலுள்ள எழுத்து பருக்கிறது, தொலைவிலுள்ளது சிறுக்கிறது. ஆகவே வில்லையைத் தேர்வது என்பது, எங்கே நிற்கப்போகிறோம் என்பதைத் தேர்வதாகும். நிற்குமிடத்தை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து எழுத்து படச்சட்டத்தை நிறைக்குமாறு வில்லையைப் பொருத்துவதே சரியான வரிசை.

இதை ஒரு கணக்கால் விளக்குவோம். கோவில் முகப்பில் 6 மீட்டர் உயரத்தில் 3 மீட்டர் அகலமுள்ள பெயர்ப்பலகை இருப்பதாகக் கொள்வோம். கருவியை 1.5 மீட்டர் உயரத்தில் ஏந்தி, சுவரிலிருந்து 5 மீட்டர் தொலைவில் நின்று அண்ணாந்து பார்த்தால் சாய்வுக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. அப்போது எழுத்தின் உயரம் கால்பங்கு குறைந்து தெரியும். பின்னால் நடந்து 15 மீட்டர் தொலைவில் நின்றால் கோணம் 17 பாகையாகக் குறையும். உயரக் குறைவு நூற்றுக்கு நான்கே. எழுத்தின் நெடுமை குறுமைகளைக் கொண்டு எழுதியவரின் கைப்பழக்கத்தையும் காலத்தையும் ஆராய்வோர்க்கு இவ்வேறுபாடு பெரிது. அத்தொலைவிலிருந்து பலகை சட்டத்தை நிறைக்க 120 மில்லிமீட்டர் அளவு வேண்டும். 55–200 அல்லது 70–300 என்னும் எளிய ஜூம் வில்லைகள் இவ்வேலைக்குப் போதும்.

இங்கே ஒளியுணரியின் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுச்சட்டக் கருவியின் உணரி 36க்கு 24 மில்லிமீட்டர். நம்மில் பலர் வைத்திருக்கும் விலை குறைந்த கருவிகளில் அது சற்றேறக்குறைய 23.5க்கு 15.6. சிறிய உணரி காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுப்பதால், 50 மில்லிமீட்டர் வில்லை அதில் 75 மில்லிமீட்டர் போல் நடந்துகொள்ளும். கேனன் கருவிகளில் 80 போல். பழைய நூல்கள் 50ஐ இயல்பான வில்லை என்று கூறுவது முழுச்சட்டத்தை வைத்தே. சிறிய உணரியில் அவ்விடத்தை வகிப்பது 35. இன்று நாம் தரும் கணக்குகள் அனைத்தும் சிறிய உணரிக்கு உரியவை.

நான்கு பணிகள், நான்கு தேர்வுகள்

முதற்பணி, தாள் ஆவணம். ஜொகூரில் ஓலைச்சுவடி அரிது. ஆனால் கோவில் பேரேடு, சங்கக் கூட்டக் குறிப்பேடு, பழைய திருமண அழைப்பிதழ், ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகியவை இல்லங்களில் இன்றும் உள்ளன. விரித்து வைத்த பேரேடு 40 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். 24 மெகாபிக்சல் கருவியின் படம் 6000 படப்புள்ளி அகலம் உடையது. ஆகவே ஒரு சென்டிமீட்டருக்கு 150 புள்ளி. 3 மில்லிமீட்டர் உயரக் கையெழுத்துக்கு 45 புள்ளி. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பிரிந்து தெரிய இது போதும்.

எந்த வில்லை? 18 மில்லிமீட்டரில் எடுத்தால் ஏட்டுக்கு 32 சென்டிமீட்டர் தொலைவில் நெருங்க வேண்டும். கருவியின் நிழல் தாளில் விழும். நேர்கோடுகள் பீப்பாய் போல் புடைக்கும். 100 மில்லிமீட்டரில் எடுத்தால் 1.8 மீட்டர் உயரத்தில் கருவியைத் தொங்கவிட வேண்டும். மேசைமேல் அது கூடாது. 40 மில்லிமீட்டருக்கு 72 சென்டிமீட்டரும் 60 மில்லிமீட்டருக்கு 108 சென்டிமீட்டரும் ஆகும். மேசையும் கூரையும் உள்ள எந்த அறையிலும் இவை இயலும். எனவே தாளுக்கு உரியது 40 முதல் 60 வரையிலான மேக்ரோ வில்லை. மேக்ரோ வில்லைகளின் தனிச்சிறப்பு நெருங்கிக் குவிவது மட்டுமன்று. தட்டையான தாளின் நடுவும் மூலையும் ஒருசேரக் கூர்மையாகும்படி அவை திருத்தம் செய்யப்பட்டவை. பேரேட்டின் ஓரத்தில் எழுதிய தொகையும் கையொப்பமும் தெளிவாக வேண்டுமெனில் இது இன்றியமையாதது. கறையால் மறைந்த ஒற்றை எழுத்தை, உணரியின்மேல் அதன் உண்மை அளவுக்கே விழச் செய்து எடுக்கவும் இதே வில்லை உதவும்.

இரண்டாம் பணி, கல்லறைக் கல். 90 சென்டிமீட்டர் உயரக் கல் சட்டத்தை நிறைக்க, 35 மில்லிமீட்டருக்கு 1.4 மீட்டரும் 50 மில்லிமீட்டருக்கு 2 மீட்டரும் பின்னால் நிற்க வேண்டும். தோட்ட மயானங்களில் கற்கள் நெருங்கியிருக்கும், புதரும் இருக்கும், 2 மீட்டர் எப்போதும் கிடைக்காது. ஆதலின் 35 பொருத்தமானது. இங்கு வில்லையை விட ஒளியே பெரிது. பொறித்த கோடு நிழலால்தான் தெரியும். ஒளி கோட்டுக்குக் குறுக்கே பாய்ந்தால் நிழல் விழும், கோட்டின் வழியே பாய்ந்தால் விழாது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஜொகூரில் நண்பகல் ஒளி ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், நிற்கும் கல்லில் கிடைக்கோடுகள் தெரிந்து, கால் போன்ற நெடுக்கோடுகள் மறையும். பக்கத்திலிருந்து ஒரு கண்ணாடியால் ஒளியைத் திருப்பி இரண்டாவது படமும் எடுத்தல் நன்று. சுண்ணாம்போ மாவோ பூசி எழுத்தை வெளிக்கொணரும் பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும். அது கல்லுக்கும் கேடு, உறவினர் மனத்துக்கும் கேடு.

மூன்றாம் பணி, உயரத்திலுள்ள பலகை. அதன் கணக்கை முன்னரே கண்டோம்.

நான்காம் பணி, சூழல். பலகை எந்தக் கோவிலின் எந்த வாயிலில் இருந்தது, கல் எந்த மரத்தருகே நின்றது என்பதைக் காட்டும் படமும் வேண்டும். இதற்கு 18 மில்லிமீட்டர் அகலக் காட்சி உதவும். இங்கே எழுத்தைப் படிப்பது நோக்கமன்று. ஆனால் ஓர் எச்சரிக்கை. ஜொகூர் பாருவிலுள்ள அருள்மிகு இராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயம் போல் ஆடித்துண்டுகள் பதித்த இடங்களில், அகல வில்லையோடு நெருங்கி நின்றால் படமெடுப்பவரே படத்தில் பல உருவங்களாகத் தோன்றுவார். கண்ணாடி எதிரொளியைக் குறைக்கப் பயன்படும் முனைவாக்கி வடிகட்டி, உலோகப் பூச்சுள்ள ஆடியின் எதிரொளிக்கு உதவாது. பின்னால் விலகி நின்று நீண்ட வில்லையைக் கொள்வதே வழி.

துளை, தாங்கி, குவியம்

விற்பனைக் கடைகளில் எஃப் 1.8, எஃப் 1.4 என்னும் பெருந்துளை வில்லைகளை உயர்த்திப் பேசுவர். இருளில் ஆடும் நடனத்தைப் படமெடுக்க அவை வேண்டும். நம் பொருள் அசைவதில்லை. பெருந்துளைக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. முன்சொன்ன பேரேட்டை எஃப் 1.8இல் எடுத்தால் கூர்மை ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கே நிற்கும். தையலருகே தாள் புடைத்திருந்தால் எழுத்து மங்கும். எஃப் 8இல் அவ்வாழம் 10 சென்டிமீட்டர் அளவுக்கு விரியும். மேலும் சுருக்கி எஃப் 16, எஃப் 22 என்று சென்றால் ஒளி சிறுதுளையின் விளிம்பில் சிதறி முழுப்படமும் மென்மையாகிவிடும். எஃப் 5.6க்கும் எஃப் 11க்கும் இடையே நிற்பது நலம்.

துளை சுருங்கினால் ஒளி படியும் நேரம் நீளும், கை நடுங்கும். ஆகவே முக்காலித் தாங்கி தேவை. விலையுயர்ந்த வில்லையைக் கையில் ஏந்தி எடுத்த படத்தை விட, எளிய வில்லையைத் தாங்கியில் நிறுத்தி, இரண்டு நொடித் தாமதத்தில் எடுத்த படம் தெளிவாக இருக்கும். தானியங்கிக் குவியத்தை நம்பாமல், பின்திரையில் ஓர் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் குவித்தல் வேண்டும்.

வாங்குவோர்க்குச் சில சொற்கள்

கருவியோடு வரும் 18–55 வில்லையை இகழ வேண்டா. அதை 35க்கும் 55க்கும் இடையே வைத்து, எஃப் 8இல், தாங்கியில் நிறுத்தினால் கல்லறைக்கும் பேரேட்டுக்கும் பெருமளவு போதும். இரண்டாவது வில்லை வாங்கப் பொருள் இருந்தால், அது 40 அல்லது 60 மேக்ரோவாக இருக்கட்டும். மூன்றாவதாகவே நீண்ட ஜூம். 18–300 போல் எல்லாவற்றையும் ஒரே குழலில் அடக்கும் வில்லை பயணத்துக்கு வசதியானது. ஆனால் மூலைகளில் எழுத்தின் விளிம்பில் வண்ணக்கோடு படரும், நேர்கோடு வளையும். ஆவணப் பணிக்கு அதைத் தேர வேண்டா.

நிறுவனங்கள் ஆடியில்லாக் கருவிகளுக்கு மாறிவிட்டதால், டி.எஸ்.எல்.ஆர். கருவிகளும் வில்லைகளும் பழைய விலையில் கிடைக்கின்றன. பழையதை வாங்குவோர் இரண்டைச் சோதிக்க வேண்டும். ஒன்று, பொருத்தம். நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கருவிகளில் குவிய இயக்கி இல்லாமையால், பழைய ஏ.எஃப்.டி. வில்லைகள் அவற்றில் தாமாகக் குவியா. கையால் குவிப்போர்க்கு அது குறையன்று. கேனனின் ஈ.எஃப்.எஸ். வில்லைகள் முழுச்சட்டக் கருவியில் பொருந்தா. மற்றொன்று, பூஞ்சை. நம் நாட்டின் ஈரக்காற்றில் பையில் அடைத்துவைத்த வில்லைக்குள் சிலந்தி வலை போல் பூஞ்சை படரும். பின்புறமிருந்து கைவிளக்கு அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வாங்கிய வில்லையைச் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில், ஈரப்பதம் நூற்றுக்கு 40–50 அளவில் இருக்குமாறு காத்தல் வேண்டும்.

நிறைவாக

தனியொருவர் மூன்று வில்லைகளையும் வாங்கத் தேவையில்லை. ஒரு மாவட்டத்துக்கு ஒரு கருவி, ஒரு மேக்ரோ, ஒரு நீண்ட ஜூம், ஒரு தாங்கி, ஓர் அளவுகோல் என்று ஒரு பெட்டி அமைத்து, பள்ளிகளும் ஆலயங்களும் மாறி மாறிப் பயன்படுத்தலாம். அளவுகோலை மறவாதீர். எழுத்தின் அருகே அது இருந்தால்தான் படத்திலிருந்து எழுத்தின் உண்மை அளவை மீட்க முடியும். ஒவ்வொரு படத்தோடும் இடம், நாள், குவியத் தொலைவு, நின்ற தொலைவு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஆலய நிருவாகத்தின் இசைவையும், கல்லறையாயின் குடும்பத்தாரின் இசைவையும் பெற்ற பின்னரே கருவியை எடுங்கள். படத்தின் ஒரு படியை அவர்களுக்கும் கொடுங்கள். பெயர்ப்பலகையின் மூலப்படம் நிருவாகத்தின் கையிலும் இருக்குமானால், ஒரு பெட்டி கெட்டாலும் மற்றொன்று நிற்கும்.

தோட்டத்துக் கல்லில் பெயர் எழுதியவர் பெரும்பாலும் பெயர் அறியப்படாதவர். அவர் கற்ற எழுத்து அவரது ஊரையும் ஆசிரியரையும் காலத்தையும் காட்டுவது. அதை ஆராயப்போகும் மாணவர் இன்னும் பிறந்திருக்கமாட்டார். கல்லையும் அவர் காணமாட்டார். அவருக்குக் கிடைக்கப்போவது நாம் எடுக்கும் படமே. வில்லையைக் கையிலெடுக்கும்போது, அழகாக இருக்குமா என்று கேட்பதற்கு முன், அம்மாணவர் இதைப் படிக்க இயலுமா என்று கேட்போம். அவ்வினாவுக்கு ஆம் என்று விடை தரும் வில்லை எதுவோ, அதுவே உரிய வில்லை.